இறையியற் கல்லூரிக்குப் புறப்படுமுன்

உடப்புசல்லாவைப் பகுதியிலே ஒரு தேயிலைத் தோட்டம். க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வெளிவந்த வாரம். கொழுந்து மலையிலிருந்து இறங்கி வந்த தாய், இடுப்பிற் கட்டிய படங்கை அவிழ்த்துத் திண்ணையிலே போடுகிறாள். கவ்வாத்து வேலை முடித்துத் தந்தையும் வந்துவிடுகிறார். மகன் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்திருக்கிறான். ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்குரிய வெட்டுப்புள்ளி அவனுக்கு எட்டவில்லை. தேநீர் குடித்து முடிந்தபின் அவன் மெதுவாக, "அப்பா, நான் குருவானவர் படிப்புக்குப் போகலாமென்று இருக்கிறேன்" என்கிறான்.

இப்படி ஒரு வீட்டை நேயர்கள் மனத்திலே வைத்துக்கொள்ளலாம். பெயர் வேண்டாம், மலைநாட்டிலே இத்தகைய வீடு எந்தத் தோட்டத்திலும் இருக்கக்கூடியது. தந்தை சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்கிறார். "அந்தப் படிப்பை அரசாங்கம் ஒத்துக்கொள்ளுமா? அத்தனை வருஷம் சோறு யார் போடுவது? முடித்து வந்தால் உனக்கு வேலை நிச்சயமா?" இம்மூன்றையும் கேட்டவுடன், தந்தைக்குப் பக்தி போதாது என்று சிலர் முகம் சுளிப்பர். அது பெருந்தவறு. ஒரு பிள்ளையை நாலைந்து ஆண்டு வீட்டை விட்டு அனுப்பப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்விகள் இவையே. இவற்றுக்கு நேரான விடை சொல்ல இயலாத கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பாதிருப்பது நல்லது.

அக்கேள்விகளுக்குப் போகுமுன், மகனுடைய எண்ணம் ஏன் அற்பமானதன்று என்பதைச் சொல்ல வேண்டும். மலைநாட்டுத் தோட்டங்களிலே கிறிஸ்தவர் சிறு தொகையினர். அவர்களுக்கென ஆங்கிலிக்கத் திருச்சபையார் 1854ஆம் ஆண்டில் ஒரு மிஷனைக் கண்டியிலே தொடங்கினர். அதற்கு இட்ட பெயர் தமிழ்க் கூலி மிஷன். (மனிதரின் ஆன்மாவைத் தேடிப் புறப்பட்டவர்களும் அவர்களைக் 'கூலி' என்றே பெயரிட்டழைத்த காலம் அது.) அம்மிஷனிலே உழைத்த உபதேசிமார் பலர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள். பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்தும் குருமார் வந்தனர். அவர்கள் செய்த தொண்டு பெரிது. எனினும், லயத்து அறையிலே பிறந்து, பெரட்டுக் களத்திலே பெற்றோர் நின்றதைக் கண்டு, தோட்டப் பாடசாலையிலே படித்த ஒருவன் அதே மக்களுக்குப் பிரசங்கம் செய்வது வேறு. ஆகவே இவ்வீட்டு மகன் கேட்பது தனக்கு ஓர் உத்தியோகம் மட்டுமன்று.

இனி, இறையியற் கல்லூரி என்பது எத்தன்மையது? இதிலேதான் முதற் குழப்பம் உண்டாகிறது. கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்த இளைஞனுக்கு வழி ஒன்றே. பங்குக் குருவானவரிடமும் ஆயரிடமும் தொடங்கிக் குருமடத்துக்குச் செல்வது. கண்டியை அடுத்த அம்பிட்டியாவிலே 1893இல் திருத்தந்தையின் பெயரால் நிறுவப்பட்ட குருமடம் 1955இல் இந்தியாவின் பூனா நகருக்கு மாறிய பின்பு, அவ்விடத்திலே தேசியக் குருமடம் நடைபெற்று வருகிறது. அங்கே விரும்பியவர் விண்ணப்பம் நிரப்பிச் சேர்வதென்பது இல்லை. மற்றத் திருச்சபையாருக்கோ பல வழிகள் உண்டு. பல்கலைக்கழகத்துக்கு உட்படாமலும், ஒரே திருச்சபையின் கைக்குள் அடங்காமலும், தமக்கென ஆட்சிக்குழு வைத்துக்கொண்டு நடைபெறும் கல்லூரிகள் உண்டு. சுயாதீனமான கல்லூரி என்று வழங்குவது இவற்றையே.

இவ்வகையில் மலைநாட்டுக்கு மிக அணித்தானது பிலிமத்தலாவையிலுள்ள இலங்கை இறையியற் கல்லூரி. உடப்புசல்லாவையிலிருந்து பேருந்தேறி, ராகலை, நுவரெலியா, றம்பொடை, கம்பளை, பேராதனை வழியாகக் கொழும்பு வீதியிலே சிறிது தூரம் சென்றால் அங்கே இறங்கலாம். இடையிலே புசல்லாவை என்னும் ஊர் வரும். பெயரைக் கேட்டு அதையும் உடப்புசல்லாவையையும் ஒன்றென மயங்கும் கொழும்பு வாசிகள் உளர். 1963இல் ஆங்கிலிக்க, மெதடிஸ்த, பப்டிஸ்து முதலான திருச்சபைகள் ஒன்றுசேர்ந்து அக்கல்லூரியை நிறுவின. அதற்கு முன் இந்நாட்டுக் குருத்துவ அபேட்சகர் பலர் இந்தியாவுக்குச் சென்று ஆங்கிலத்திலே கற்று மீண்டனர். சிங்களத்திலும் தமிழிலும் இந்நாட்டு மண்ணிலேயே கற்பிக்க வேண்டும் என்பது புதிய கல்லூரியின் நோக்கம். இரு மொழியினரும் ஒரே உணவு மண்டபத்திலே உண்டு, ஒரே சிற்றாலயத்திலே வழிபட்டு வாழ்வது, இந்நாட்டு வரலாற்றை அறிந்தவர்களுக்குச் சிறிய செய்தியாகத் தோன்றாது. கல்லூரி தொடங்கிய மறு ஆண்டிலேதான், 1964 ஒக்டோபரில், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, தோட்டத் தமிழரை எந்த நாடு எத்தனை பேராகப் பங்கிட்டுக்கொள்வது என்று தீர்மானிக்கப்பட்டது. மேய்ப்பனாகப் போகும் மாணவன் கற்க, வகுப்பறைக்கு வெளியேயும் பாடம் இருந்தது.

இதுவன்றிக் கொழும்பிலே 1994இல் தொடங்கிய கொழும்பு இறையியற் கல்லூரி உண்டு. அது எந்த ஒரு திருச்சபைக்கும் உரியதன்று. தமிழிலும் கற்கை நடத்துகிறது. கடல் கடந்து போக விரும்புவோருக்கு மதுரை அரசரடியிலே 1969 முதல் இயங்கும் தமிழ்நாடு இறையியற் கல்லூரியும், ஆங்கிலத்திலே கற்க வல்லவருக்குப் பெங்களூரிலே 1910இல் நிறுவப்பட்ட ஐக்கிய இறையியற் கல்லூரியும் உள்ளன. இவை அன்றி, ஒரு மாடியறையிலே பலகை தொங்கவிட்டுச் சில மாதங்களில் 'கலாநிதிப்' பட்டம் தருவோரும் உளர். அவர்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பணத்தைக் கொடுத்தவுடன் பட்டம் தருகிறவர், பாடத்தைத் தரப்போவதில்லை.

தந்தையின் முதற் கேள்விக்கு வருவோம். அரசாங்கம் ஒத்துக்கொள்ளுமா? இலங்கையிலே பட்டம் வழங்கும் உரிமையை 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டம் வரையறுக்கிறது. அரச பல்கலைக்கழகம் அல்லாத நிறுவனம் தன் பெயரிலே பட்டம் வழங்க வேண்டுமாயின், அச்சட்டத்திற் பின்னர் சேர்க்கப்பட்ட பிரிவின்படி அமைச்சரின் அங்கீகாரம் பெறவேண்டும். ஆனால் இறையியற் கல்லூரிகள் பலவும் தம் பெயரிலே பட்டம் வழங்குவதில்லை. பிலிமத்தலாவைக் கல்லூரி, வங்காளத்துச் செராம்பூர்க் கல்லூரியின் செனற் சபையோடு இணைந்தது. அந்தச் செராம்பூரின் கதை சுவையானது. வில்லியம் கேரியும் அவர்தம் நண்பர் இருவரும் 1818இல் அதை நிறுவினர். அவ்வூர் அப்போது டென்மார்க்கு நாட்டாருக்கு உரியது. 1827இல் டென்மார்க்கு மன்னர் ஆறாம் பிரெடரிக்கு, பட்டமளிக்கும் உரிமையை அரச சாசனத்தால் அருளினார். பின்னர் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறியபோதும் சாசனம் மாறவில்லை. 1918இல் வங்காளச் சட்டமன்றம் அதனை ஒரு சட்டத்தால் உறுதிப்படுத்தியது. இதற்கு நூறாண்டுக்கு மேல் முன்பே, தரங்கம்பாடியிலே தமிழ் உபதேசிமாரைப் பயிற்றுவிக்கச் சீகன்பால்கு ஒரு பயிற்சிக் கல்லூரியை 1716இல் தொடங்கியதும் ஒரு டென்மார்க்கு மன்னரின் ஆதரவிலேயாம். தேயிலை மலையிலே ஒரு தொழிலாளி கேட்கும் கேள்விக்கு விடை, கோப்பன்கேகன் அரண்மனை வரை சென்று மீள்கிறது!

ஆயினும் சாசனத்தின் பெருமை ஒன்று. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மேசைக்கு அப்பால் இருக்கும் உத்தியோகத்தரின் ஏடு மற்றொன்று. திருச்சபைகள் செராம்பூர்ப் பட்டத்தை மதிக்கின்றன. மேனாட்டு இறையியற் கல்லூரிகள் பலவும் மேற்படிப்புக்கு அதை ஏற்கின்றன. ஆனால் அரசாங்க ஆசிரியப் பதவிக்கு எந்தப் பட்டம் செல்லும் என்பது, ஒவ்வொரு முறையும் வர்த்தமானியிலே வெளிவரும் அறிவித்தலைப் பொறுத்தது. வெளிநாட்டு நிறுவனமொன்றின் பட்டத்தைப் பற்றி ஐயம் உண்டாயின், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு எழுதிக் கேட்டுக் கையொப்பமிட்ட பதிலைப் பெற்றுக்கொள்வதே வழி. 'எங்கள் பட்டம் உலகெங்கும் செல்லும்' என்ற அச்சிட்ட துண்டுப் பிரசுரம் பதிலாகாது. இங்கே ஒன்றை ஒளிக்காமற் சொல்லவேண்டும். பாடசாலையிலே கிறிஸ்தவ பாடம் கற்பிக்கும் ஆசிரியராவதே மகனின் உண்மையான விருப்பமாயின், அவன் இறையியற் கல்லூரிக்குப் போவது சுற்றுவழி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே கிறிஸ்தவ நாகரிகம் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. அடுத்த முறை பரீட்சை எழுதி அவ்வழியே செல்வது நேர்வழி. குருத்துவத்தை, ஆசிரியப் பதவிக்குக் கிடைக்காத இடத்துக்கு மாற்றாகக் கொண்டவன் இரண்டிலும் அமைதி காணமாட்டான்.

இரண்டாவது கேள்வி, சோறு யார் போடுவது என்பது. இதற்கு விடை, மாணவனை அனுப்புகிறவர் யார் என்பதிலே அடங்கியிருக்கிறது. திருச்சபையொன்று ஆராய்ந்து, நேர்முகம் கண்டு, தன் குருத்துவ அபேட்சகனாக ஏற்று அனுப்பினால், கற்கைச் செலவையும் விடுதிச் செலவையும் பெரும்பாலும் அத்திருச்சபை தாங்கும். தன் விருப்பத்தின்படி தனியே சேர்பவன், தன் செலவைத் தானே தேடவேண்டும். முன்னவனுக்கு ஆதரவு உண்டு; கட்டுப்பாடும் உண்டு. பின்னவனுக்குக் கட்டுப்பாடு குறைவு. ஆனால் படிப்பு முடிந்த அன்று அவனை அழைத்துக்கொள்ளக் காத்திருப்பவர் எவருமில்லை. இந்த வேறுபாட்டைச் சேருமுன் அறியாது, பட்டம் பெற்றபின் அறிந்து வருந்துவோர் உண்டு.

திருச்சபை செலவு செய்யுமாயின், இடையிலே விலகினால் அப்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா, முடித்தபின் எத்தனை ஆண்டு ஊழியம் செய்யக் கடமைப்பட்டவன், இவையெல்லாம் எழுத்திலே இருத்தல் வேண்டும். குருவானவரிடம் எழுத்துக் கேட்பது மரியாதைக் குறைவென்று தோட்டத்து மக்கள் கூச்சப்படுவர். கூச்சம் வேண்டியதில்லை, எழுத்து இருவரையும் காக்கும்.

கட்டணத்தைக் கணக்கிட்ட குடும்பங்களும் மற்றொரு கணக்கை மறந்துவிடுகின்றன. பத்தொன்பது வயது மகன் கொழும்பிலே ஒரு கடையிலே நின்றிருந்தால் மாதந்தோறும் வீட்டுக்கு வந்திருக்கும் பணம், இனி நாலைந்து ஆண்டு வராது. தங்கையின் படிப்பு, பாட்டியின் மருந்து, சீட்டுப் பணம் ஆகியவை அதை எதிர்பார்த்திருந்தால், அதையும் செலவிலே சேர்க்கவேண்டும். தாய், தன் ஊழியர் சேமலாப நிதியை எடுத்துத் தருவதாகச் சொல்லுவாள். பெண்களுக்கு ஐம்பது வயதிலும் ஆண்களுக்கு ஐம்பத்தைந்து வயதிலும் கைக்கு வரும் பணம் அது. முதுமைக்காகக் கொழுந்து கொழுந்தாகக் கிள்ளிச் சேர்த்தது. அதைத் தொடாமல் மகன் படிக்கக்கூடுமாயின் மாத்திரமே போகலாம் என்று ஒரு தந்தை உறுதி சொன்னால், அவரை எவரும் குறை சொல்லற்க.

லயத்து வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டத்திலே பேர் பதிந்து வேலை செய்பவருக்கென அந்த அறை கொடுக்கப்பட்டது. வேலையும் வீடும் ஒரே கயிற்றிலே கட்டப்பட்டவை. வீட்டிலே பேர் பதிந்தவர் ஒருவர்பின் ஒருவராக ஓய்வு பெறும்போது, மகன் குருவானவனாக வேறு ஊரிலே இருந்தால், பெற்றோர் எங்கே இருப்பர்? குருவானவருக்குத் திருச்சபை தரும் மனையும் அவருடையதன்று. இடமாற்றத்தோடு மனையும் மாறும். ஆகவே இந்த இளைஞன், தனக்கென ஒரு கூரையில்லாத பெற்றோரிடமிருந்து, தனக்கென ஒரு கூரை தராத தொழிலுக்குப் போகிறான். தந்தை கேட்ட கேள்விகளுள் இது இல்லை. ஆனால் இரவிலே அவரைத் தூங்கவிடாதது இதுவாகவே இருக்கும்.

மூன்றாவது கேள்வி, வேலை நிச்சயமா? நிச்சயமில்லை என்பதே நேர்மையான விடை. இறையியற் பட்டம் வேறு, குருப்பட்டம் வேறு. முன்னதைக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் தருகின்றன. பின்னதைத் திருச்சபை தன் ஆராய்வின்படி தருகிறது. முதல் வகுப்பிலே சித்தியெய்திய ஒருவனைத் திருச்சபை காத்திருக்கச் சொல்லலாம். வேதனமும் பெரிதன்று. பெண்பிள்ளைகளும் இப்போது இறையியல் கற்கிறார்கள். இலங்கைத் திருச்சபை 2006இல் முதன்முதலாகப் பெண்களைக் குருமாராக அபிஷேகம் செய்தது. ஆயினும் எல்லாத் திருச்சபைகளும் அவ்வாறு செய்வதில்லை. மகளை அனுப்புவோர் தம் திருச்சபையின் விதியை முதலிலே கேட்டறிதல் வேண்டும்.

கல்லூரிக்குப் போனபின் அவன் கற்பது என்ன? வேதாகமத்தை மனப்பாடம் செய்வதென்று ஊரிலே பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. எபிரேயம் அல்லது கிரேக்க மொழி, திருச்சபை வரலாறு, கோட்பாடு, பிற சமயங்கள், பிரசங்கம், மனநலத் துணை எனப் பாடங்கள் விரிகின்றன. வார இறுதியிலே ஒரு சபைக்கோ மருத்துவமனைக்கோ போய்ப் பழகவேண்டும். கல்லூரிகள் சிலவற்றிலே சமையற் கூடத்திலும் தோட்டத்திலும் முறை வைத்து வேலை செய்வர். மலைநாட்டுப் பிள்ளைக்கு மண்வெட்டி புதிதல்ல. புதிதாயிருப்பது வேறொன்று. பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்த கதைகளை, எவர் எழுதினர், எக்காலத்தில் எழுதினர், ஏன் இரண்டிடத்தில் இரண்டு விதமாக உள்ளன என்று ஆராயும் வகுப்பிலே முதன்முதல் உட்காரும்போது, சிலருக்கு நிலம் அசைவதுபோல் தோன்றும். இதை முன்னரே பிள்ளைக்குச் சொல்லிவைக்க வேண்டும். முதலாண்டு விடுமுறைக்கு வரும் மகன், முன்போல் சத்தமாய்ச் செபிக்காமல் மெளனமாயிருந்தால், பெற்றோர் பதறவேண்டாம். அவசரப்பட்டுச் சபையிலே அவனைப் பற்றிப் பேசவும் வேண்டாம். சிந்திக்கிறான் என்று கொள்ளலாம். சிந்திக்கும் ஆண்டு ஒன்றுமே இல்லாமல் வெளிவரும் போதகரிடந்தான் மக்கள் அச்சங்கொள்ள வேண்டும்.

படித்தபின் குருவானவனாகாமற் போனால்? வட்டுக்கோட்டையிலே அமெரிக்க மிஷனரிமார் 1823இல் தொடங்கிய செமினரியின் கதை இதற்குப் பொருந்தும். அங்கே கற்றவர்கள் ஊழியத்துக்கு வாராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்பது மிஷன் மேலிடத்தாரின் பெருங்குறை. 1855இல் செமினரி மூடப்பட்டது. அவ்வாறு 'வீணாய்ப் போன' மாணவர்களுள் ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார், சைவராய் வாழ்ந்தார், ஏட்டுச் சுவடியிலே அழிந்துகொண்டிருந்த பழந்தமிழ் நூல்களை அச்சிலேற்றினார். மிஷனின் கணக்கேட்டிலே அது நட்டம். தமிழின் கணக்கேட்டிலே அப்படி எழுத முடியுமா? மலைநாட்டிலும், இறையியல் கற்றவர் கோயில் மேடையோடு நின்றுவிட வேண்டுமென்பதில்லை. யேசு சபைக் குருவாகிய போல் கஸ்பஸ் 1972இல் கண்டியிலே சத்தியோதயம் என்னும் நிலையத்தைத் தொடங்கித் தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காக உழைத்தார். 1948இலே பறிக்கப்பட்ட குடியுரிமை, 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு ஒருவாறு தீர்வுக்கு வந்த அந்த நெடுங்காலத்திலே, மக்கள் பக்கம் நின்று எழுதவும் பேசவும் அறிந்தவர் தேவைப்பட்டனர்; அவர்களுட் சிலர் இறையியல் கற்றவர்கள்.

கடைசியாக, சிறியதெனத் தோன்றிப் பெரிய இடர் விளைக்கும் காரியம், பத்திரங்கள். பிறப்புச் சான்றிதழிலே ஒரு பெயர், ஞானஸ்நானப் பத்திரத்திலே ஒரு பெயர், பாடசாலை ஏட்டிலே மூன்றாவது பெயர் என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அமைவதுண்டு. தேசிய அடையாள அட்டையிலுள்ள பெயரோடு மற்றவை பொருந்துகின்றனவா என்று விண்ணப்பிக்குமுன் பார்த்து, பொருந்தாவிடிற் பிரதேச செயலகத்திலே திருத்தத்துக்குக் கொடுக்கவேண்டும். அது ஒரு வாரத்திலே முடியும் அலுவலன்று. இந்தியாவுக்குப் போக எண்ணுகிறவன் கடவுச்சீட்டுக்கும் மாணவர் விசாவுக்கும் இதே பெயரோடுதான் நிற்கவேண்டும். கடிதம் வந்துசேர்வது மற்றொரு பாடு. லயத்துக்குத் தனி முகவரி இல்லாத தோட்டங்களிலே, கடிதம் தோட்டக் காரியாலயத்துக்குப் போய், அங்கிருந்து எவர் கையிலோ வந்து சேர்வதற்குள் நேர்முகத் தேதி கடந்துவிடுவதுண்டு.

அந்த வீட்டுத் தந்தை, சேகரக் குருவானவரிடம் போய், "ஐயா, பையன் போறதுக்கு நான் குறுக்க நிக்கல. ஆனா இந்தக் கேள்விக்கெல்லாம் காயிதத்தில பதில் வேணும்" என்று சொன்னால் போதும். குருவானவர் நல்லவராயிருந்தால், உட்காரச் சொல்லி ஒரு தாளை எடுப்பார். மகன் எழுதட்டும், தந்தை சொல்லச் சொல்ல எழுதட்டும். எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம், எந்த மொழியிலே கற்கை, வருடச் செலவு எவ்வளவு, திருச்சபை தாங்குவது எவ்வளவு, விலகினால் என்ன நிபந்தனை, முன்னர் கற்று முடித்த மலைநாட்டு மாணவர் இப்போது எங்கே இருக்கின்றனர் என்று. இக்கடைசிக் கேள்வியை மறவாமற் கேட்கவேண்டும். அவர்களுள் ஒருவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரிலே கண்டு பேசினால், அச்சிட்ட விவரணப் புத்தகத்திலே இல்லாதது தெரியவரும். கடிதத்தின் கீழே பதில் அனுப்பவேண்டிய முகவரியாகத் தோட்டத்தின் பெயரை எழுதாமல், உடப்புசல்லாவைப் பட்டணத்திலே தெரிந்த கடையொன்றின் முகவரியையோ ஆலயத்தின் முகவரியையோ எழுதி, பதிவுத் தபாலிலே சேர்த்து, பற்றுச்சீட்டைப் பிறப்புச் சான்றிதழோடு அதே உறையிலே வைத்துக்கொள்ளட்டும்.